தட்டின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில், விளிம்புக்குக் கிட்ட, சிவப்பு கியூட்டெக்ஸால் வைத்த ஒரு பொட்டு தெரியும். உரிந்து உரிந்து இப்போது உளுந்தளவுதான் மிச்சம். 2013ஆம் ஆண்டு, கட்டார் போவதற்காக மெடிக்கல் எடுத்து ‘அன்ஃபிட்’ என்று திரும்பி வந்த கிழமையில் அம்மா அதை வைத்தார். அது என்னுடைய தட்டு. மற்றவர்கள் மறந்தும் அதில் சாப்பிட்டுவிடக் கூடாது என்பதற்கான அடையாளம்.

எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ். பன்னிரண்டு வருடமாக அது எனக்குத் தெரியும். அதற்கு முன்னர் இருபத்தைந்து வருடம் தெரியாமலே என் ரத்தத்தில் இருந்திருக்கிறது. இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டேன். இரண்டு பேரும் எழுதச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். ஏனென்றால் இது என் கதை மட்டும் இல்லை.

கொழும்பில் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எச்ஐவி, காசநோய், ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. ‘எச்பிஎஸ்ஏஜி பொசிட்டிவ்’ என்று எழுதி, கீழே ‘அன்ஃபிட்’ என்று சீல் அடித்திருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “ஏஜென்சியில கேளுங்க” என்றார்கள். ஏஜென்சியில் இருந்தவர் பத்துப் பேருக்கு முன்னால் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “ரத்தத்தில கிருமி இருக்காம்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. ரத்தத்தில் கிருமி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு நோயைத்தான் நினைப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து, கல்முனை பஸ் பிடித்துக் குருக்கள்மடத்தில் இறங்கிப் பாதைக்காக நின்றேன். வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். இங்கே ஏறினால் அக்கரையில் அம்பிளாந்துறை, எங்கள் படுவான்கரை. அன்றைக்குப் பாதையில் ஏறி ஓரமாக நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு ஐயா தன் போத்தல் தண்ணீரை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். என் வாய் பட்டு அவருக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவு தாகமாக இருந்தும் வாங்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால், அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

வாசலில் அம்மா நின்றார். “சரிவந்திட்டா மனே?” என்றார். ஈரலில் ஒரு வருத்தமாம் அம்மா என்றேன். “செங்கமாரியா?” என்று என் கண்ணை இழுத்துப் பார்த்தார். கண்ணில் மஞ்சள் இல்லை. எனக்கு ஒரு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் போடியார் வயலில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆள். ஆனால் அந்தக் கிழமையே பொட்டு வைத்த தட்டு வந்தது. பிறகு எனக்கென்று ஒரு கிளாஸ், ஒரு பாய், ஒரு சவர்க்காரத் துண்டு. அக்காவின் மூத்த மகனுக்கு அப்போது மூன்று வயது. வந்தால் என் மடியில்தான் ஏறி உட்காருவான். அவனை யாராவது வந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். யாரும் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் பாசத்தோடும் பயத்தோடும் நடந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு பெண் டொக்டரைச் சந்தித்தேன். வெளியே அவ்வளவு கூட்டம். இருந்தும் அவர் என்னை இருபது நிமிடம் வைத்துக் கதைத்தார். என் வீட்டில் எனக்குத் தனித்தட்டு என்று சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார்.

“வீட்டில ஆம்பிளைகள் எத்தனை பேர்?”

“அப்பா, தம்பி, நான்.”

“ஷேவ் எடுக்கிற ரேசர் எத்தனை?”

ஒன்று. கிணற்றடிக் கண்ணாடிக்குக் கீழே ஒரு ரேசர், ஒரு பிளேட். மூன்று பேரும் அதைத்தான் மாறி மாறி எடுப்போம். பிளேட் மழுங்கி, தாடையில் இழுத்து ரத்தம் வரும் வரைக்கும் மாற்ற மாட்டோம். தட்டைப் பிரித்த எங்கள் வீட்டில் அந்த ரேசரைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் இந்தப் பதிவில் சொல்ல வந்ததே இதுதான். ஹெபடைடிஸ் பி சாப்பாட்டில் வராது, தண்ணீரில் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே கிளாஸில் தேநீர் குடித்தால் வராது. கட்டிப் பிடித்தால், கை கொடுத்தால், இருமினால், தும்மினால் வராது. நுளம்பு கடித்தும் வராது. எங்கள் ஊரில் டெங்கு வந்து வந்து, நுளம்பு எல்லாக் கிருமியையும் காவும் என்று நினைக்கிறார்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தாய்ப்பாலிலும் வராது. அது வருவது ரத்தத்தால், உடலுறவில் வெளிவரும் திரவங்களால், பிறக்கும் நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு. சாப்பாட்டிலும் தண்ணீரிலும் பரவுவது ஹெபடைடிஸ் ஏ. அது வேறு வைரஸ். வெள்ளம் வந்து கிணறுகள் கலங்கினால் அதற்குப் பயப்பட வேண்டியதுதான். இரண்டுக்கும் பொதுவாகச் செங்கமாரி என்று ஒரே பெயர் வைத்ததால், ஒன்றின் பயம் மற்றதன் தலையில் விழுந்துவிட்டது.

ஆனால் ரத்தம் என்று வந்துவிட்டால் இந்த வைரஸ் பொல்லாதது. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். ஆஸ்பத்திரிகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவர் கையில் குத்தினால், எச்ஐவி தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால் நூறில் முப்பது வரைக்கும் போகலாம். ஒரு மழுங்கல் பிளேட்டில் காய்ந்திருக்கும் ரத்தத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பல் துலக்கும் பிரஷும் அப்படித்தான், முரசிலிருந்து ரத்தம் கசியும். நகம் வெட்டியும் அப்படித்தான்.

டொக்டர் கடைசியாகச் சொன்னார்: “வீட்டில எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்க.”

அப்பா வரமாட்டேன் என்றார். தம்பி வயல் வேலை என்றான். எப்படியோ ஒரு செவ்வாய்க்கிழமை நாலு பேரும் பாதை ஏறிப் போனோம். அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. புருஷன் வீடு காரைதீவில். அங்கேயிருந்து அக்காவும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஐந்து பேரின் ரத்தமும் ஐந்து சின்னக் குழாய்களில் வரிசையாக ஒரு தாங்கியில் நின்றன. எந்த வித்தியாசமும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பு.

முடிவு வந்தது. தம்பிக்கு எதுவும் இல்லை, அவனுக்கு இதுவரை இந்த வைரஸே பட்டதில்லை. அப்பாவுக்கு எப்போதோ தொற்றி, அவர் உடம்பு தானாகவே அதை விரட்டி, எதிர்ப்புச் சக்தியும் வந்திருந்தது. தனக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அக்காவுக்கு இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது.

ஒரே வீட்டில் ஏன் இப்படி ஆளுக்கு ஒன்றாக வந்தது என்பதில்தான் இந்த நோயின் குணமே இருக்கிறது. வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் அதை வென்றுவிடுவார்கள். சிலருக்குச் செங்கமாரி வரும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அப்பா அந்தக் கூட்டம். பிறக்கும்போது தொற்றினால் கதை தலைகீழ். நூறில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். பிள்ளையின் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. பிள்ளை அழாது, மஞ்சளாகாது, பால் குடித்து வளரும். இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் சிலருக்கு ஈரல் சுருங்கத் தொடங்கும், சிலருக்குப் புற்றுநோயாகும். நானும் அக்காவும் அந்தக் கூட்டம். தம்பி ஏன் தப்பினான் என்று கேட்டேன். தாயின் ரத்தத்தில் வைரஸின் அளவு எல்லா வருடமும் ஒன்றாக இருக்காது, குறைந்திருந்த காலத்தில் அவன் பிறந்திருக்கலாம் என்றார் டொக்டர்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாதையில் திரும்பி வரும்போது, வாவியின் நடுவில், “அப்ப நான்தான் உங்களுக்குத் தந்திருக்கன், என்ன?” என்றார். நான் 1988இல் பிறந்தவன். வீட்டிலேதான் பிறந்தேன், ஊர் மருத்துவிச்சி கையில். இரவில் வாவியைக் கடக்க வழியில்லாத காலம். அந்த நேரம் அம்மாவுக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் இந்தப் பக்கத்தில் யார் ஊசி போட்டிருப்பார்கள்? இதையெல்லாம் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது, பொட்டு வைத்த தட்டை அம்மா எனக்குத் தரவில்லை. தன் முன்னால் வைத்துக்கொண்டு அதில் சோறு போட்டார். நான் பறித்து அதே தட்டில் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு அடுக்கில் போய்விட்டது. யார் கையில் வருகிறதோ அவர் அதில் சாப்பிடுகிறார். கிணற்றடியில் ரேசர் மூன்றானது.

இனி அக்காவின் கதை. என் மெடிக்கல் துண்டில் அந்த ‘அன்ஃபிட்’ விழுந்திருக்காவிட்டால் அக்கா சோதித்திருக்க மாட்டார். அவர் சோதித்திருக்காவிட்டால் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிறு கலங்கும். கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்கள். பிள்ளைப்பேறு கட்டாயம் ஆஸ்பத்திரியில் என்றார்கள். பிறந்தவுடன் போட வேண்டிய இரண்டு மருந்துகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்தார்கள்.

மருமகள் பிறந்து சில மணி நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். இரண்டு தொடையிலும் வட்டமாக ஒவ்வொரு சின்ன பிளாஸ்டர். ஒரு தொடையில் தடுப்பூசி, அது பிள்ளையின் உடம்புக்கு வைரஸை அடையாளம் காட்டிப் பழக்கும். மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தி. பிள்ளையின் உடம்பு பழகி எழும்பும் வரைக்கும் அது காவல் நிற்கும். இரண்டையும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, எப்படியும் முதல் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு வழமையான ஊசிகளையும் விடாமல் போட்டால், பத்தில் ஒன்பது பிள்ளைக்கு மேல் தப்பிவிடும். தாயிடம் வைரஸ் அளவு கூடுதலாக இருந்தால் இப்போது கடைசி மூன்று மாதம் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அக்கா பால் கொடுக்கப் பயந்தார். வார்டில் இருந்த மிஸ்ஸிதான் பக்கத்தில் இருந்து, தாராளமாகக் குடுங்க என்று தைரியம் சொன்னார்.

ஒரு வயது முடிந்தபோது பிள்ளைக்கு ரத்தம் சோதித்தார்கள். வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறது என்று வந்தது. அக்கா அந்த ரிப்போர்ட்டை லெமினேட் பண்ணி வைத்திருக்கிறார். மூத்தவனுக்கும் ஒன்றும் இல்லை. அவனுக்கு இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் கிளினிக்கில் போட்ட ஊசிகள்தான். தாய்க்கு இருப்பது தெரியாமலே அவன் தப்பியது பெரிய அதிர்ஷ்டம்.

அந்த ஊசிகளைப் பற்றி ஒரு விஷயம். இலங்கையில் 2003ஆம் ஆண்டு முதல் படிப்படியாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2008இல் அது தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஹிப் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் இவற்றோடு சேர்த்து ஐந்து நோய்க்கும் ஒரே ஊசியாக, பென்டவலன்ட் என்று வந்தது. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டு வாசலில் வந்து நின்று, “ரெண்டு மாத ஊசிக்கு வரல்லயே” என்று கேட்பாரே, அதுதான். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளிடம் இந்த நோய் குறைவாக இருப்பதற்கு அந்த உத்தியோகத்தர்மார் நடந்த நடை ஒரு பெரிய காரணம். ஆனால் இதை வாசிக்கிற உங்களில் பலர் என்னைப் போல அதற்கு முன்னர் பிறந்தவர்கள். உங்களுக்கு அந்த ஊசி போட்டிருக்காது. வளர்ந்தவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. தம்பி அப்படித்தான் போட்டான். போடுவதற்கு முன்னர் ஒரு தடவை ரத்தம் சோதியுங்கள். ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஊசி அதை மாற்றாது.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம், ஏனென்றால் எப்படியும் கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பரியாரியார் எனக்கு நாற்பது நாள் கீழாநெல்லியை மோரில் அரைத்துத் தந்தார். அன்போடு தந்தார், நானும் குடித்தேன். பிறகு தேடி வாசித்தபோது ஒரு விஷயம் தெரிந்து ஆச்சரியப்பட்டேன். ஹெபடைடிஸ் பி வைரஸின் முதல் தடயத்தை 1960களில் ஒரு அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் கண்டுபிடித்து, 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் புளும்பேர்க். அவரும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து, கீழாநெல்லியை வைரஸ் தங்கிவிட்ட ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலருக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாக 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நம்முடைய மூலிகையை அவ்வளவு பெரிய ஆட்கள் மரியாதையோடு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. செங்கமாரிக்குக் கீழாநெல்லி கேட்டது என்று நாம் கண்ணால் பார்த்ததெல்லாம் பொய்யா என்றால், அந்த மஞ்சள் பெரும்பாலும் தானாகவே இறங்குகிற மஞ்சள். அப்பாவுக்குத் தானாகப் போனது போல. பரியாரியாரோடு எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் மருந்து அரைத்துக் குடித்துவிட்டேன் என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

கலியாணத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். முதலில் பேசிய இடத்தில் யாரோ சொல்லி, பேச்சு முறிந்தது. அடுத்த இடத்தில் நானே முந்திக்கொண்டு பெண்ணிடம் நேரே சொன்னேன். அவர் ஒரு கிழமை கேட்டார். அந்த ஒரு கிழமையில் அவர் தன் ஊர் மிட்வைஃபிடம் போய் எல்லாம் விசாரித்துவிட்டு வந்து, “நான் ஊசி போட்டிட்டாச் சரிதானே” என்றார். மூன்று ஊசியும் போட்டார். முடிந்து ஒரு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தியின் அளவைச் சோதித்தோம். பத்துக்கு மேல் இருந்தால் போதும் என்பார்கள், அவருக்கு நூற்றுக் கணக்கில் வந்தது. அது வரும் வரைக்கும் ஆணுறை பாவித்தோம். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகள். கணவனுக்கோ மனைவிக்கோ இருந்தால் கலியாணமே கூடாது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் ரத்தம் வருகிற இடங்கள் வேறும் உண்டு. பிள்ளைக்குக் காது குத்தும்போது தட்டாரிடம் புது ஊசியா என்று கேளுங்கள், கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். கோயில் திருவிழாவில் முள்ளுக் காவடி எடுக்கிறவர்கள், அலகு குத்துகிறவர்கள், நேர்த்திக்கடன் உங்களுடையது என்றால் கொக்கியும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒருவர் முதுகில் எடுத்த கொக்கியைத் தேசிக்காயில் தேய்த்து அடுத்தவர் முதுகில் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேசிக்காய் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் கடற்கரையில் பச்சை குத்தப் போகிற பொடியன்மார், ஊசி மட்டும் இல்லை, மை ஊற்றுகிற மூடியும் புதிதா என்று பாருங்கள். வீட்டில் யாருக்கும் வெட்டுப்பட்டு ரத்தம் நிலத்தில் சிந்தினால், கையுறை போட்டுத் துடைத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றப் பயப்பட வேண்டாம். நம் நாட்டில் தானமாக வருகிற ரத்தம் எல்லாம் ஹெபடைடிஸ் பிக்கும் சோதித்துத்தான் வருகிறது. என்னைப் போன்றவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது. ரத்ததான முகாம் நடக்கும் நாட்களில் நான் பிஸ்கட்டும் மைலோவும் கொடுக்கிற மேசையில் நிற்பேன்.

எனக்கு இப்போதைக்கு மாத்திரை தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் டெஸ்ட், ஸ்கான், இடையில் வைரஸ் அளவு. அம்மாவுக்கு 2019இல் ஈரலில் தழும்பு தெரியத் தொடங்கியதும் டெனோஃபோவிர் தொடங்கினார்கள், தினமும் ஒரு மாத்திரை. அது வைரஸை முற்றாக அழிக்காது, அடக்கி வைக்கும். அம்மாவுக்கு அடங்கியிருக்கிறது. சாராயம் தொடாதே என்றார் டொக்டர், நான் தொடுவதில்லை. இன்னொன்றும் சொன்னார், அதை நான் எதிர்பார்க்கவில்லை: பூஞ்சணம் பிடித்த கச்சான் சாப்பிடாதே. அந்தப் பூஞ்சணத்தில் இருக்கும் நஞ்சும் இந்த வைரஸும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு வழி பலமடங்கு கூடுமாம். எங்கள் ஊரில் கச்சான் இல்லாமல் ஒரு திருவிழா உண்டா? இப்போது ஒவ்வொரு கச்சானையும் உடைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறேன். மகளும் அப்படியே பழகிவிட்டாள்.

கடைசியாகச் சந்தியில் இருக்கும் சலூன் அண்ணன். பத்து வருடம் அவரிடம் தலைமுடி மட்டும் வெட்டுவேன், ஷேவ் எடுக்க மாட்டேன். காரணம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடந்த தை மாதம் ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம், கதிரையில் இருந்துகொண்டு அவர் மேசையைப் பார்த்தேன். பிளேட்டை எல்லோருக்கும் மாற்றுகிறார். கடதாசியோடு நடுவில் முறித்து, பாதியைக் கத்தியில் போட்டு, முடிந்ததும் டப்பாவில் போடுகிறார். நல்ல பழக்கம். ஆனால் பக்கத்தில் படிகாரக் கட்டி இருந்தது. கைக்குள் அடங்கும் அளவு, தேய்ந்து தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு பக்கம் மெல்லிய பழுப்புக் கோடு. வெட்டுப்பட்ட ஒவ்வொரு தாடையிலும் அந்த ஒரே கட்டியைத்தான் நனைத்துத் தேய்க்கிறார். பிளேட் புதிது, ஆனால் முந்தின ஆளின் ரத்தம் அந்தக் கட்டியில் இருக்கிறது.

அன்றைக்கு அவருக்கு எல்லாம் சொன்னேன். எனக்கு இருப்பதையும் சொன்னேன். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இனி இந்தக் கடைக்கு வர முடியாதோ என்று எனக்கு மனம் அடித்தது. அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். விரல் முழுக்கப் பழைய பிளேட் வெட்டுகள். “முப்பது வருஷமா எத்தின பேர்ர ரெத்தம் தம்பி இந்தக் கையில” என்றார். பிறகு கேட்டார்: “அந்த ஊசி எங்க போடுற?”

முதலில் ரத்தம் சோதித்தோம். வைரஸ் இல்லை. அதே மாதம் முதல் ஊசி, மாசியில் இரண்டாவது. படிகாரத்தை இடித்துத் தூளாக்கிப் போத்தலில் போட்டிருக்கிறார். வெட்டுப்பட்டால் ஒரு பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சை எறிந்துவிடுகிறார். வாடிக்கையாளர்கள் பழைய கட்டிதான் குளிர்ச்சி என்று குறை சொன்னார்களாம். காரணத்தை விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த ஆடி மாதம் அவருடைய மூன்றாவது ஊசி. சனிக்கிழமை கடையில் கூட்டம், பின்னேரம் பார்ப்போம் என்று நேற்றுச் சொன்னார். பின்னேரம் என்றால் பிறகு அடுத்த கிழமை என்பார், எனக்குத் தெரியும். அதனால் காலை ஆறரைப் பாதைக்கே ஓட்டோவைச் சொல்லிவிட்டேன். ஊசி போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு முன்னர் அவரைக் கடைக்குக் கொண்டுவந்து விடவேண்டும்.